மீளெழுச்சிப் பணமும் எமது சங்கங்களும்: ஐரோப்பாவிலிருந்து ஒரு பாடம்

ஓர் ஊரைப் பேரிடர் தாக்கிய பின் அவ்வூருக்கு இரண்டு வகையான பணம் வருகின்றது. முதலாவது நிவாரணப் பணம். அரிசி, பருப்பு, பாய், போர்வை, கையில் சில ஆயிரம் ரூபா என்று அது வரும். சில வாரங்களில் நின்றுவிடும். இரண்டாவது மீளெழுச்சிப் பணம். அது மெதுவாக வரும், பெருந்தொகையாக வரும், பல ஆண்டுகளுக்கு வரும். எந்த வீதி திருத்தப்படும், எவருடைய வீடு எங்கே கட்டப்படும், எந்தத் தொழிலுக்குக் கடன் கிடைக்கும் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது இந்த இரண்டாவது பணமே. ஆயினும் எமது சங்கங்கள் முதலாவது பணத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. பட்டியலில் பெயர் விடுபட்டால் சண்டை பிடிக்கின்றோம். இரண்டாவது பணத்திற்கான திட்டம் எழுதப்படும் வேளையில் நாம் அங்கே இருப்பதில்லை.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில், அக்குறணைக்கு அப்பால் உள்ளது அலவத்துகொட. இவ்வூரும் சுற்றுப்புறமும் அண்மைக் காலத்தில் இரண்டு பேரிடர்களைக் கண்டன. 2020 மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. அம்மாத இறுதியில் அயலூரான அக்குறணையில் நோயாளர் இனங்காணப்பட்டு அப்பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. கடைத்தெரு மூடிக் கிடந்தது. நாட்கூலிக்குப் போனவர்கள் வீட்டில் இருந்தார்கள். பின்னர் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கண்டி மாவட்டமே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது. அலவத்துகொடப் பகுதியிலும் மலைச்சரிவு வீடுகளைப் புதைத்து உயிர்களைக் கொண்டுபோனது.

இந்த இரண்டாவது அழிவிற்கான மீளெழுச்சித் திட்டங்களைப் பற்றி எமது ஊர்ச் சங்கங்கள் பேசத்தான் வேண்டும். அதற்கு முன்னர், கொவிட் நோய்க்குப் பின் ஐரோப்பாவில் நடந்ததைப் படிப்பது பயன் தரும். ஏன் ஐரோப்பா என்று கேட்பீர்கள். அந்நாடுகள் பணக்கார நாடுகள். அவர்கள் கதை எமக்கு எதற்கு? காரணம் ஒன்றே. மீளெழுச்சிப் பணத்தைச் செலவிடும்போது மக்கள் அமைப்புகளைக் கேட்க வேண்டும் என்ற கருத்தை அங்கே சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எழுதி வைத்த அந்த வரிக்கு நடைமுறையில் என்ன நேர்ந்தது என்பதே எமக்கான பாடம்.

ஐரோப்பாவின் பெரிய நிதியம்

2020 ஜூலை 17 தொடக்கம் 21 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளின் தலைவர்களும் பிரசல்ஸ் நகரில் கூடினார்கள். நான்கு நாள் இரவு பகலாகப் பேசி ஓர் உடன்பாட்டிற்கு வந்தார்கள். ஒன்றியம் முழுவதும் சேர்ந்து சந்தையில் கடன் வாங்கி, 2018 ஆம் ஆண்டு விலைமதிப்பில் 75,000 கோடி யூரோ கொண்ட ஒரு மீளெழுச்சித் திட்டத்தை அமைப்பது என்பதே அந்த உடன்பாடு. இதில் 39,000 கோடி யூரோ மானியம். 36,000 கோடி யூரோ கடன். இவ்வளவு பெருந்தொகையை ஒன்றியமாகச் சேர்ந்து கடன் வாங்கியது அதுவே முதல் தடவை. வாங்கிய கடனை 2058 ஆம் ஆண்டிற்குள் திருப்பிக் கட்டி முடிக்க வேண்டும். இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நடுத்தர வயதை அடைந்த பின்னும் கட்டும் கடன் அது.

இத்தொகையில் மிகப் பெரிய பங்கு, அதாவது 67,250 கோடி யூரோ, மீளெழுச்சிக்கும் தாங்குதிறனுக்குமான நிதியம் என்ற ஒன்றிற்குள் போடப்பட்டது. அதற்கான சட்டம் 2021 பெப்ரவரி 12 ஆம் நாள் நிறைவேறியது. ஒவ்வொரு நாடும் ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். திட்டச் செலவில் குறைந்தது நூற்றுக்கு 37 பங்கு காலநிலை தொடர்பான வேலைகளுக்கும், நூற்றுக்கு 20 பங்கு கணினி, தொடர்பாடல் போன்ற எண்ணியல் வேலைகளுக்கும் போக வேண்டும். நோயினால் வந்த அழிவிற்குக் கொடுக்கும் பணம் ஏன் அங்கெல்லாம் போக வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் மீளெழுச்சிப் பணத்தின் இயல்பு இதுதான். பழைய நிலைக்குத் திரும்புவதற்கென்று அது வருவது குறைவு. கொடுப்பவர் விரும்பும் புதிய நிலைக்கு ஊரைக் கொண்டுபோவதற்கென்றே வரும்.

பணம் கொடுக்கும் முறையும் புதிது. வழமையாக ஐரோப்பிய உதவியில் செலவுப் பற்றுச்சீட்டைக் காட்டினால் பணம் வரும். இந்த நிதியத்தில் அப்படியல்ல. இன்ன சட்டம் நிறைவேற்றுவோம், இத்தனை வீடுகளைத் திருத்துவோம் என்று முன்கூட்டியே படிகளையும் இலக்குகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். படி நிறைவேறினால் தவணைப் பணம் வரும். எமது வீட்டுத்திட்டங்களை நினைத்தால் இது இலகுவில் விளங்கும். அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்த தவணை, கூரை போட்டால் மற்றது. அத்திவாரம் போடுவதற்கே கையில் காசில்லாத குடும்பம் இம்முறையில் எப்படித் தவிக்கும் என்பதும் எமக்குத் தெரியும். அதற்காக ஐரோப்பாவில் நூற்றுக்கு 13 பங்கு வரை முற்பணம் கொடுக்கவும் இடம் வைத்தார்கள்.

சட்டத்தில் ஒரு வரி

இனி எமது விடயத்திற்கு வருவோம். சிவில் சமூகம் என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அரசாங்கமும் அல்லாத, இலாபம் தேடும் கம்பனியும் அல்லாத, மக்கள் தாமாகக் கூடி நடத்தும் அமைப்புகள் எல்லாம் அதற்குள் அடங்கும். கொழும்பில் அலுவலகமும் வாகனமும் வைத்திருக்கும் நிறுவனங்கள் மட்டுமே அது என்று நினைக்க வேண்டாம். அலவத்துகொடவில் உள்ள மரண உதவிச் சங்கமும், மாதர் சங்கமும், சிறுசேமிப்புக் குழுவும் சிவில் சமூகமே.

ஐரோப்பியச் சட்டத்தின் 18 ஆம் உறுப்புரையில் இவ்வமைப்புகளுக்கு ஒரு வரி கிடைத்தது. ஒவ்வொரு நாடும் திட்டம் எழுதும்போது உள்ளூராட்சி மன்றங்கள், தொழிற்சங்கங்கள், தொழில் கொள்வோர், சிவில் சமூக அமைப்புகள், இளைஞர் அமைப்புகள் ஆகியோருடன் நடத்திய கலந்தாலோசனையின் சுருக்கத்தையும், அவர்கள் சொன்னது திட்டத்தில் எப்படி இடம்பெற்றது என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல வரி. இதைப்போல ஒரு வரி எமது சட்டங்களில் இருந்தால் எவ்வளவு நன்று என்றுகூடத் தோன்றும்.

இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். சட்டம் கேட்டது சுருக்கம். கலந்தாலோசனை எப்படி நடக்க வேண்டும், எத்தனை நாள் நடக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதை அந்தந்த நாட்டின் சட்டத்திற்கே விட்டுவிட்டது. சுருக்கம் எழுதுவது எவ்வளவு இலகு என்பது சங்கங்களில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மண்டபத்தில் நாற்பது பேரை இருத்தி, தயாரித்து முடிந்த திட்டத்தை வாசித்துக் காட்டி, தேநீர் கொடுத்து, வருகைப் புத்தகத்தில் கையொப்பம் வாங்கினால் அது கலந்தாலோசனை ஆகிவிடும். நாற்பது கையொப்பமும் உண்மையானவை. சுருக்கத்தில் பொய் ஒன்றும் இல்லை.

காலமும் போதவில்லை. சட்டம் நிறைவேறியது 2021 பெப்ரவரியில். திட்டங்களைக் கொடுக்கக் குறிக்கப்பட்ட நாள் ஏப்ரல் 30. பெரும்பாலான அரசாங்கங்கள் அதற்கு முன்னரே அமைச்சுகளுக்குள் எழுதத் தொடங்கிவிட்டன. தொழிற்சங்கங்கள், தொழில் கொள்வோர், மக்கள் அமைப்புகள் ஆகியோரின் பிரதிநிதிகளைக் கொண்ட ஐரோப்பிய பொருளாதார சமூகக் குழு என்றொரு சபை ஒன்றியத்தில் உண்டு. அச்சபை 2021 பெப்ரவரியில் நாடு நாடாக விசாரித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பெரும்பாலான நாடுகளில் சிவில் சமூகத்தின் பங்கேற்பு போதவே போதாது என்பதே அதன் சாரம். தகவல் கொடுத்தார்கள், சில இடங்களில் கருத்தும் கேட்டார்கள். திட்டத்தை மாற்றும் அளவிற்குக் கேட்கவில்லை.

இரண்டு நாடுகள்

போலந்து நாட்டில் நடந்தது கவனத்திற்குரியது. அரசாங்கம் தனது திட்டத்தின் வரைவை 2021 பெப்ரவரி இறுதியில் வெளியிட்டு, இணையத்தில் கருத்து எழுதலாம் என்று அறிவித்தது. அது போதாது என்று கருதிய மக்கள் அமைப்புகள் தாமே பொது விசாரணைகளை ஒழுங்கு செய்தன. மார்ச் மாதத்தில், நோய்க்காலமாகையால் கணினி வழியாக, துறைவாரியாகப் பல அமர்வுகள் நடந்தன. பதிந்துகொண்ட எவரும் சில நிமிடம் பேசலாம்; அரசாங்கத்தின் பக்கத்திலிருந்து பொறுப்பானவர்கள் இருந்து கேட்க வேண்டும். அழைப்பு வரும்வரை காத்திராமல், தாமே மேசை போட்டு அதிகாரிகளை அழைத்தார்கள் என்று சொல்லலாம். திட்டத்தை மேற்பார்வை செய்யும் குழுவிலும் பின்னர் மக்கள் அமைப்புகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் பணம்? நீதித்துறையின் சுதந்திரம் பற்றிய நிபந்தனைகள் நிறைவேறாமையால் போலந்தின் முதற் கோரிக்கைக்கான கொடுப்பனவு 2024 ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. நல்ல முறையில் பங்கேற்றாலும் பணம் உரிய வேளையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இத்தாலியின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. மிகப் பெரிய பங்கு அந்நாட்டிற்கே கிடைத்தது. முதலில் ஒதுக்கப்பட்டது 19,150 கோடி யூரோ. அதில் ஒரு பகுதியைக் கொண்டு குழந்தைப் பராமரிப்பு நிலையங்களிலும் முன்பள்ளிகளிலும் 264,480 புதிய இடங்களை உண்டாக்குவோம் என்று திட்டத்தில் எழுதினார்கள். பெண்கள் வேலைக்குப் போக இது அவசியம். நாட்டின் தென்பகுதியில்தான் இந்த நிலையங்கள் மிகக் குறைவு. ஆகவே தேவை அங்கேதான் அதிகம்.

2021 டிசம்பரில் நகர, கிராம சபைகளிடமிருந்து விண்ணப்பம் கோரினார்கள். முடிவு நாள் 2022 பெப்ரவரி 28. அந்நாள் வந்தபோது குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கென ஒதுக்கிய பணத்திற்குப் போதிய விண்ணப்பங்கள் வந்திருக்கவில்லை. தென்பகுதியிலிருந்து எதிர்பார்த்த அளவு வரவில்லை. நாளை மார்ச் இறுதிவரை நீடித்தார்கள். தேவையுள்ளவர்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை? சிறிய சபைகளில் படம் வரையப் பொறியியலாளர் இல்லை. மதிப்பீடு தயாரிக்க ஆள் இல்லை. கட்டிடம் எழும்பிய பின் ஆசிரியைக்கும் பராமரிப்பாளருக்கும் ஆண்டுதோறும் சம்பளம் கொடுக்க வருமானம் இல்லை. பணம் இருந்தது, தேவை இருந்தது, இரண்டையும் இணைக்கும் கடதாசி வேலைக்கு ஆள் இல்லை. 2023 ஆம் ஆண்டில் திட்டம் திருத்தப்பட்டபோது 264,480 என்ற இலக்கு 150,480 ஆகக் குறைக்கப்பட்டது. குறைந்துபோன அந்த 114,000 இடங்களில் எத்தனை தாய்மாரின் வேலை இருந்தது என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

எமது நாட்டிலும் தோட்டப்புறச் சங்கம் ஒன்றும் நகரத்து நிறுவனம் ஒன்றும் ஒரே விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது இதுவே நடக்கின்றது. போட்டி நேர்மையானதாக இருக்கலாம். ஓட்டக்காரர்கள் நிற்கும் இடம்தான் வேறு.

பணம் யாருக்குப் போனது?

மக்கள் அமைப்புகளும் பத்திரிகையாளர்களும் இக்கேள்வியை விடாமல் கேட்டார்கள். அதன் பயனாக 2023 ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு நாடும் மிகக் கூடுதலான பணம் பெற்ற 100 இறுதிப் பெறுநர்களின் பெயர்களை வெளியிட வேண்டும். ஆண்டிற்கு இரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இது ஒரு வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இறுதிப் பெறுநர் என்ற சொல்லிற்குச் சட்டம் கொடுத்த பொருளைப் பாருங்கள். ஒப்பந்தக்காரரும் துணை ஒப்பந்தக்காரரும் அதில் சேரமாட்டார்கள். அதனால் பட்டியல்களில் அமைச்சுகள், புகையிரத நிறுவனங்கள், பெரிய கம்பனிகள் ஆகியவற்றின் பெயர்களையே பெரும்பாலும் காணலாம். வீதி போட்ட கொந்தராத்துக்காரரின் பெயரை அங்கே தேடினால் கிடைக்காது. எமது ஊரில் வைத்துச் சொன்னால், பட்டியலில் பிரதேச சபையின் பெயர் இருக்கும். கொங்கிறீட் போட்டவர் யார், எத்தனை அங்குலம் போட்டார் என்பது இராது.

இப்படிகளையும் இலக்குகளையும் நிறைவேற்றி முடிக்க 2026 ஆகஸ்ட் 31 ஆம் நாளையும், கொடுப்பனவுகளுக்கு 2026 டிசம்பர் 31 ஆம் நாளையும் சட்டம் எல்லையாக வைத்தது. முடிவு நாள் நெருங்க நெருங்க அரசாங்கங்கள் கடினமான இலக்குகளை விட்டு, இலகுவாக முடிக்கக்கூடியவற்றின் பக்கம் சாய்ந்தன. குழந்தைப் பராமரிப்பு இடம் குறைக்கப்பட்டதும் அந்த வகையைச் சேர்ந்ததே.

இப்பணத்தில் எமக்கு வந்தது என்ன?

இங்கே ஒரு தெளிவு வேண்டும். மேலே சொன்ன பெரிய நிதியம் ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுக்கு மட்டுமே உரியது. இலங்கைக்கு அதிலிருந்து எதுவும் இல்லை. வெளிநாடுகளுக்கென ஐரோப்பிய அணி என்ற பெயரில் 2020 ஏப்ரலில் 2,000 கோடி யூரோவுக்கு மேற்பட்ட உதவி அறிவிக்கப்பட்டது. அதில் பெரும் பகுதி புதிய பணமல்ல. வேறு வேலைகளுக்கு ஒதுக்கியிருந்ததைத் திருப்பிவிட்டதே. இலங்கையின் சுகாதாரம், விவசாயம், உல்லாசப் பயணத்துறை ஆகியவற்றிற்கு 2.2 கோடி யூரோ மானியம் அதே மாதத்தில் அறிவிக்கப்பட்டது.

எமது சிறு சங்கங்களுக்கு ஐரோப்பியப் பணம் நேரடியாக வருவது அரிது. ஒன்றியம் சிவில் சமூக அமைப்புகளிடம் முன்மொழிவு கோரும்போது, அதை எழுதி, வெற்றி பெற்று, கணக்காய்வு செய்து கொடுக்கக்கூடிய பெரிய நிறுவனமே முன்னால் நிற்கும். அந்நிறுவனம் தனக்குக் கிடைத்த மானியத்தில் ஒரு பகுதியைச் சிறு அமைப்புகளுக்குத் துணை மானியமாகக் கொடுக்கலாம். ஓர் அமைப்பிற்குப் பொதுவாக 60,000 யூரோ வரை. இந்த வழியால்தான் ஐரோப்பியப் பணம் கிராமத்தைத் தொடும். ஆகவே கொடுப்பவரின் சொல் எமக்கு வரும்போது இரண்டு மூன்று வாய்களைக் கடந்தே வருகின்றது. எமது சொல்லும் அவ்வாறே மேலே போகின்றது, போனால்.

நாட்டினுள்ளே கொவிட் காலத்தில் வந்த பணத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலிலும் மேயிலும் குடும்பத்திற்கு 5,000 ரூபா கொடுக்கப்பட்டது. சமுர்த்திப் பட்டியலும், கிராம உத்தியோகத்தர் வழியாகச் சேர்க்கப்பட்ட பெயர்களும் அதற்கு அடிப்படை. அது நிவாரணம். அதே ஆண்டில் மத்திய வங்கி, தொழில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நூற்றுக்கு 4 வட்டியில் சௌபாக்கியா கொவிட் மறுமலர்ச்சிக் கடன் வசதியை வங்கிகள் மூலம் நடத்தியது. அது மீளெழுச்சிப் பணம். முதலாவதைப் பற்றி ஊரில் தெரியாதவர் இல்லை. இரண்டாவதை வாங்கியவர்கள் ஏற்கெனவே வங்கியில் கணக்கும் கடனும் பதிவும் வைத்திருந்த வியாபாரிகளே. வீட்டுத் திண்ணையில் இடியப்பம் அவித்து விற்ற பெண்ணுக்குத் தொழில் இருந்தது, பதிவு இருக்கவில்லை.

திட்டம் முதலில், மக்கள் பிறகு என்ற வழக்கத்தை நாம் சுனாமிக்குப் பின்னும் கண்டோம். 2005 இல் தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். கடலை விட்டு வாழ முடியாத மீனவரைக் கேட்காமல் போட்ட கோடு அது. எதிர்ப்பு எழுந்த பின்னர் அது தளர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்களின் வீட்டு வேலை தள்ளிப் போயிற்று. கோட்டை வரைவதற்கு முன் ஒரு மாதம் கேட்டிருந்தால் போதும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் எமது நாட்டிலேயே உண்டு. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவித் திட்டத்தை அங்கீகரித்தது. ஆட்சிமுறையிலும் ஊழலிலும் உள்ள குறைகளைப் பற்றி நாணய நிதியம் 2023 செப்டெம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சில சிவில் சமூக அமைப்புகள் அதற்குக் காத்திராமல், அதே விடயத்தைப் பற்றித் தாமே ஓர் அறிக்கையை அதே மாதத்தில் எழுதி வெளியிட்டன. கருத்துக் கேட்டால் சொல்வோம் என்று இருப்பதைவிட, சொல்ல வேண்டியதை எழுதி முன்னால் வைப்பது பலமானது.

அலவத்துகொடவில் இப்போது

டித்வா சூறாவளியால் ஏற்பட்ட நேரடிச் சேதம் ஏறத்தாழ 410 கோடி டொலர் என்று உலக வங்கி 2025 டிசம்பரில் மதிப்பிட்டது. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா என்றும், முற்றாக அழிந்த வீட்டிற்கு 50 இலட்சம் ரூபா வரை என்றும் அரசாங்கம் அறிவித்தது. மீளக் கட்டியெழுப்புவதற்கென ஒரு நிதியமும் தொடங்கப்பட்டது. எழுதிக் கொடுத்தவர்களின் இழப்பே இதுபோன்ற பணத்தின் கணக்கில் ஏறும். எழுதப்படாமல் போகக்கூடியவை எவை என்று பார்ப்போம்.

எமது பக்கத்தில் வீட்டுத் தோட்டமே பல குடும்பங்களின் வங்கி. மிளகு, கராம்பு, சாதிக்காய் விற்ற காசில்தான் பிள்ளையின் படிப்பும் கூரைத் தகடும். புதிதாக நட்ட மிளகுக்கொடி காய்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும்; சாதிக்காய் மரத்திற்கு ஏழெட்டு ஆண்டுகள். வீட்டுச் சேதப் படிவத்தில் சுவர், கூரை, கதவு என்று இடம் இருக்கும். அடியோடு போன நாற்பது மிளகுக்கொடிக்கு அதில் கட்டம் இராது. வீடு தப்பியவர் பாதிக்கப்படாதவர் என்று கணக்கில் விழுந்துவிடுவார். அவருக்கு வருமானம் இல்லாத மூன்று ஆண்டுகள் முன்னால் இருக்கின்றன.

தோட்டக் குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. லயத்து அறை தோட்டத்திற்குச் சொந்தம். குடியிருப்பவரின் பெயரில் உறுதி இல்லை. வீடு அழிந்தால் இழந்தவர் யார்? மாற்றுக் காணி கொடுக்கும்போது எதை ஆதாரமாகக் காட்டுவது? பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, தோட்டத்துச் சம்பளத் துண்டு, வாக்காளர் இடாப்பு, பாடசாலை அனுமதிப் பதிவு, மருத்துவக் கொப்பி ஆகியவையே கைவசம் உள்ள ஆதாரங்கள். மண்ணுக்குள் போனவர்களுக்கு அதுவும் இல்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோது, தப்பியவர்களுக்குப் புதிய வீடு கிடைக்க இரண்டு ஆண்டுகள் சென்றன. முகாமில் இரண்டு ஆண்டு என்பது ஒரு பிள்ளைக்கு மிக நீண்ட காலம்.

ஆகவே முப்பது பேர் கொண்ட ஒரு மாதர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அது செய்யக்கூடிய முதல் வேலை, தனது ஊரின் இழப்பைத் தானே எழுதுவது. ஒரு பெரிய கடதாசியில் ஊரை வரைந்து, சரிவு இறங்கிய இடம், வெடிப்புக் காணப்படும் இடம், வெடிப்பை முதலில் கண்ட நாள், எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தத் தோட்டத்தில் எத்தனை மரம் போயின, யாருக்கு எத்தனை நாட் கூலி இல்லை என்று குறிக்க வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்த்திருந்தால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. இத்தாலியின் சிறு சபைகளுக்கு இல்லாமற் போனது இந்தத் தயார்நிலைதான்.

சிங்களச் சங்கமும் முஸ்லிம் சங்கமும் தமிழ்ச் சங்கமும் தனித்தனியே மூன்று பட்டியல் கொண்டுபோனால், அதிகாரிக்கு எதையும் ஏற்காமலிருக்க வசதி. ஒரே மலை, ஒரே மழை. அறிக்கையை ஒன்றாக, சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, எல்லாச் சங்கங்களும் ஒப்பமிட்டு, பிரதேச செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு பிரதியை வைத்துக்கொள்வது நன்று. அந்த முத்திரை பின்னர் பேசும்.

இரண்டாவது வேலை கேட்பது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. உறுப்பினரில் முக்காற் பங்கினராவது இந்நாட்டுப் பிரசைகளாக இருந்தால், கூட்டிணைக்கப்படாத சங்கமும் இச்சட்டத்தின்படி பிரசையாகவே கொள்ளப்படும். அதாவது உங்கள் சங்கத்தின் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். எமது பிரிவிற்கு ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு, பயனாளிகளைத் தெரிந்த அளவுகோல் என்ன, மதில் கட்டும் ஒப்பந்தம் எவருக்கு, மதிப்பீட்டுத் தொகை என்ன என்று கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ஐரோப்பாவின் 100 பெயர்ப் பட்டியல் சொல்லாத கொந்தராத்துக்காரரின் பெயரை, இந்த ஒரு தாளைக் கொண்டு எமது ஊரில் கேட்க முடியும். காரணம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

மூன்றாவது விடயம் வேலையல்ல, ஒரு தெரிவு. பெரிய நிறுவனம் ஒன்று வந்து, பொருட்களைப் பகிரவும் பயனாளிப் பட்டியல் தயாரிக்கவும் உங்கள் சங்கத்திற்குப் பணம் தருவோம் என்று கேட்கலாம். அதில் தவறில்லை, அவசியமுங்கூட. ஆனால் பகிரும் சங்கமே பகிர்வைப் பற்றிக் கணக்குக் கேட்க முடியாது. அடுத்த துணை மானியம் வராதோ என்ற பயம் வாயைக் கட்டிவிடும். ஊரில் இரண்டு சங்கங்கள் இருந்தால் ஒன்று வேலையை ஏற்கட்டும், மற்றது கணக்கைப் பார்க்கட்டும். ஒரே சங்கம்தான் என்றால், வேலையை ஏற்கும் குழுவில் இல்லாத இரண்டு உறுப்பினரைப் பார்வையாளராகத் தெரிந்து, கூட்டக் குறிப்பில் அவர்களின் பெயரை எழுதுங்கள். பதிவும் முக்கியம். பிரதேச செயலகத்தில் பதிந்த சங்கம், ஆண்டுக் கணக்கை உறுப்பினர்முன் வாசித்த சங்கம், தனது பெயரில் வங்கிக் கணக்குள்ள சங்கம் ஆகியவையே இத்தகைய பணத்திற்குக் கிட்டப் போக முடியும்.

குழுக்களில் இப்பாடத்தை வாசித்த பின் சிறிது நேரம் பேசுங்கள். 2020 இல் எமது ஊருக்கு வந்த பணத்தில் எது நிவாரணம், எது மீளெழுச்சி? எமது சங்கத்தை எவராவது கடைசியாகக் கருத்துக் கேட்டது எப்போது. அன்று கையொப்பமிட்ட தாளில் என்ன எழுதியிருந்தது? எங்கள் குடும்பத்தின் இழப்பில் அரசாங்கப் படிவத்தில் கட்டம் இல்லாதது எது?

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொருவரும் தமது வீட்டில் உள்ள ஆதாரக் கடதாசிகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வரவும். சங்கத்தின் செயலாளர் அவற்றின் விபரத்தை ஒரு கொப்பியில் வீட்டு வாரியாகப் பதிந்து, கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வைக்கட்டும். கொப்பியின் ஒரு பிரதி மேட்டுப் பக்கத்து வீட்டிலும் மற்றொன்று பள்ளத்து வீட்டிலும் இருப்பது நல்லது.